கரும்பிலிருந்து கானகம் வரை: டாக்டர் ஜானகி அம்மாள்

நம் சங்க மலர் ஒவ்வொன்றிலும் சாதனையாளர் பக்கம் என்று ஒன்று உண்டு. யார் எந்தப் பதவிக்கு உயர்ந்தார், யாருக்கு எந்த விருது கிடைத்தது, எந்தப் பேராசிரியர் எந்தக் கருத்தரங்குக்குப் போய் வந்தார், எந்த மாணவி தங்கப் பதக்கம் வாங்கினார் என்று படத்தோடு போடுவோம். படிக்க சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இந்த முறை, நம் கல்லூரிப் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. பயிர்ப் பெருக்கம், தாவர வகைப்பாடு, காடு, காட்டை நம்பி வாழும் மக்கள் என்று நாம் ஆளுக்கொரு பாடமாகப் பிரித்துக்கொண்டு படித்தோமே, அத்தனையையும் ஒரே வாழ்நாளில் பார்த்து முடித்தவர் அவர். பெயர் இ.கே. ஜானகி அம்மாள். சீனியர் நண்பர்களுக்குப் பெயராவது தெரிந்திருக்கும். தம்பி தங்கைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

1897 நவம்பர் 4-ஆம் தேதி தலைச்சேரியில் பிறந்தார். அப்போது மலபார் ஜில்லா சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அப்பா இடவலத்து கக்காட்டு கிருஷ்ணன், சப்-ஜட்ஜ், திவான் பகதூர் பட்டம் பெற்றவர். வீட்டைச் சுற்றிப் பெரிய தோட்டம். கோர்ட்டு வேலை போக மிச்ச நேரத்தில் பறவைகளைக் கவனித்துக் குறிப்பு எழுதுவது அவருக்குப் பழக்கம். அந்தக் காலத்துப் பறவை நிபுணர்களோடு கடிதப் போக்குவரத்தும் வைத்திருந்தார். அம்மா தேவி. அவருடைய தந்தை ஹானிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, திருவிதாங்கூரில் ரெசிடென்ட்டாக இருந்தவர். கிருஷ்ணனுக்கு இரண்டு மனைவியர், மொத்தம் பத்தொன்பது குழந்தைகள். தேவிக்குப் பிறந்த பதின்மூன்று பேரில் ஜானகி பத்தாவது. குடும்பம் தீயர் சமூகம். வட மலபாரில் அவர்களுக்குத் தாய்வழி உரிமை உண்டு, படிப்பிலும் முன்னேறி வந்த சமூகம். ஆனாலும் அன்றைய சாதி அடுக்கில் மேலே இருந்தவர்கள் அவர்களைக் கீழே வைத்துத்தான் பார்த்தார்கள். இந்த விஷயம் பின்னால் வருகிறது, அதனால் இங்கேயே சொல்லிவிட்டேன்.

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர். அந்தக் காலத்தில் இந்தப் பெண் தலைச்சேரி கான்வென்ட்டில் படித்து முடித்துவிட்டு ரயிலேறிச் சென்னைக்கு வந்தார். 1914-ல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரியில் படித்தார். பிறகு மாநிலக் கல்லூரியில் 1921-ல் தாவரவியல் ஆனர்ஸ். சகோதரிகளுக்கு ஒவ்வொருவராகக் கல்யாணம் ஆகிக்கொண்டிருந்தது. இவருக்கும் உறவிலேயே மாப்பிள்ளை பார்த்தார்கள். இவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை வேலை. அங்கிருந்தபோதுதான் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பார்பர் உதவித்தொகை கிடைத்தது. ஆசிய நாட்டுப் பெண்கள் படித்துவிட்டுத் தங்கள் நாட்டுக்குத் திரும்பி வேலை செய்யட்டும் என்று லெவி பார்பர் என்ற அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் ஏற்படுத்திய நிதி அது. பழைய மாணவர் கொடுத்த பணம் என்பதை நம் சங்கப் பொருளாளர் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்! கப்பலில் நியூயார்க் போய் இறங்கியதும் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் தடுத்து நிறுத்திவிட்டார்களாம். பட்டுப்புடவையைப் பார்த்து இந்திய இளவரசியோ என்று கேட்டதற்கு இவர் இல்லை என்று சொல்லவில்லையாம். குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது.

1925-ல் மாஸ்டர் பட்டம். சென்னைக்கு வந்து கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு மறுபடி மிச்சிகன், 1931-ல் டி.எஸ்சி. அமெரிக்காவில் தாவரவியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று இவரைச் சொல்வார்கள். இவர் அங்கே இருந்த வருஷங்களில்தான், 1927-ல், அந்தப் பல்கலைக்கழகம் வனவியலுக்கும் இயற்கைப் பாதுகாப்புக்கும் தனிப் பள்ளி தொடங்கியது. 1950-ல் அதற்கு இயற்கை வளப் பள்ளி என்றே பெயர் வைத்தார்கள். உலகத்தில் நம் மாதிரிக் கல்லூரிகளுக்கெல்லாம் அது ஒரு மூத்த அக்கா. ஜானகி படித்தது அதில் அல்ல, தாவரவியல் துறையில். ஆனால் இவருக்கு வாய்த்த பேராசிரியர் ஹார்லி ஹாரிஸ் பார்ட்லெட் இரண்டு உலகத்துக்கும் சொந்தக்காரர். மரபியல் தெரிந்தவர். சுமத்ரா காடுகளில் அலைந்து, அங்கே வாழும் படாக் மக்களுக்கு எந்தச் செடி எதற்குப் பயன்படுகிறது என்று எழுதி வைத்தவர். லேப்பில் மைக்ராஸ்கோப், காட்டில் மக்கள் என்ற இந்த இரட்டைப் பார்வை ஜானகிக்கு அவரிடமிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

அதென்ன மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது? படித்து மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். செடியின் வேர் நுனியிலோ பூ மொட்டிலோ செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். அந்த நேரம் பார்த்து அதை எடுத்துப் பதப்படுத்திச் சாயம் ஏற்றினால் குரோமோசோம்கள் குட்டிக் குச்சிகளாகத் தெரியும். எண்ண வேண்டும். அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம், எண்ணிப் பார்த்தவனுக்குத்தான் கஷ்டம் தெரியும். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். ஒரு ஸ்லைடில் 78 வரும், அடுத்ததில் 80 வரும். கண் கெட்டுப்போகும், கழுத்து பிடித்துக்கொள்ளும். ஜானகி அம்மாள் ஐம்பது வருஷத்துக்கு மேல் இதைச் செய்தார்.

1932 முதல் 34 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் பேராசிரியை. அதன் பிறகு நம் கோயம்புத்தூர்.

கோவைக் கரும்பு நிலையத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா ஜாவாவிலிருந்து சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தது. வடநாட்டுக் கரும்பு மெலிசு. தடித்த கரும்பு அங்கத்திய குளிரையும் வறட்சியையும் தாங்காது. புது ரகம் உண்டாக்க வேண்டுமென்றால் கரும்பு பூத்து விதை பிடிக்க வேண்டும். வடக்கே அது சரியாக நடக்காது, கோவையில் நடக்கும். அதனால் 1912-ல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். பார்பர் என்ற ஆங்கிலேயரும் (உதவித்தொகை பார்பர் வேறு, இவர் வேறு) அவருக்குப் பின் டி.எஸ். வெங்கட்ராமனும் தடித்த கரும்பை நம் ஆற்றங்கரை நாணலோடு கலந்து கோ 205 முதலான ரகங்களைக் கொண்டுவந்தார்கள். ஆம், நாணல்தான். காவிரிக் கரையில் வெள்ளைப் பூவோடு ஆடுகிறதே, சாக்கரம் ஸ்பான்டேனியம், அதே புல். இனிப்பு ஒரு பக்கம், முரட்டு உடம்பு மறு பக்கம். பெயரில் கோ என்று தொடங்கும் அத்தனை கரும்புக்கும் கோவைதான் தாய்வீடு.

1934-ல் இந்த நிலையத்துக்கு மரபியலாளராக ஜானகி வந்து சேர்ந்தார். ரகம் கண்டுபிடிக்கிறார்கள், சரி. உள்ளே என்ன நடக்கிறது? அதைச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. தடித்த கரும்புக்கு 80 குரோமோசோம் என்பது நிலையான கணக்கு. நாணலில் அப்படி இல்லை. இன்று நமக்குத் தெரிந்தவரை 40-லிருந்து 128 வரை இடத்துக்கு இடம் மாறுகிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த நாணல்களை எடுத்துவைத்து ஒவ்வொன்றாக எண்ணி எழுதினார் ஜானகி. எந்த நாணலை எந்தக் கரும்போடு சேர்ப்பது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யாமல் கணக்குப் பார்த்துச் செய்ய அந்த வேலை உதவியது. கரும்பின் உறவுக்காரப் புல் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தது என்பதற்கும் அது ஆதாரம் கொடுத்தது.

அதோடு நிற்கவில்லை. கரும்பை மக்காச்சோளத்தோடு சேர்த்தார், சோளத்தோடு சேர்த்தார், தர்ப்பைப் புல்லோடும் எரியாந்தஸ் என்ற காட்டுப் புல்லோடும் சேர்த்துப் பார்த்தார். கரும்பையும் மூங்கிலையும் கலந்ததாகச் சொல்லப்பட்ட செடிகளின் குரோமோசோம்களை எண்ணி 1938-ல் நேச்சர் இதழில் எழுதினார். கரும்பு-மக்காச்சோளக் கலப்பு பற்றிய குறிப்பும் அதே ஆண்டு அதே இதழில் வந்தது. சி.வி. ராமன் 1934-ல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் அடுத்த வருஷமே, 1935-ல், இவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. வயது 38 கூட முடியவில்லை.

இவ்வளவு செய்தும் கோவையில் இவருக்கு நிம்மதி இல்லை. கல்யாணம் ஆகாத பெண். தீயர் சமூகம். வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர். உடன் வேலை பார்த்த ஆண்களுக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை. சாதியும் பெண் என்பதும் இரண்டும் சேர்ந்து இவருக்கு எதிராக நின்றன என்று இவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதை மலரில் எழுதத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். இந்திய வனப் பணியில் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்ததே 1980-ல்தான். அதற்கு 46 வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் கோவையின் ஆராய்ச்சிக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து ஸ்லைடு பார்த்துக்கொண்டிருந்தார் என்பது நம் மாணவிகளுக்குத் தெரிய வேண்டாமா?

1939 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஏழாவது சர்வதேச மரபியல் மாநாடு. போனார். மாநாடு முடிவதற்கும் உலகப் போர் மூள்வதற்கும் சரியாக இருந்தது. திரும்ப வழியில்லை. பலருக்கு அது பெரிய ஆபத்து, இவருக்கு ஒரு விதத்தில் விடுதலை. லண்டனை ஒட்டிய மெர்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் 1940-ல் உதவி சைட்டாலஜிஸ்ட் வேலை. ராத்திரி குண்டு விழும். கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வார். காலையில் எழுந்து லேப் அலமாரிகளில் சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்காருவார். புடவை மடிப்பில் மறைத்து இங்கிருந்து ஒரு அணில்குட்டியைக் கொண்டுபோய் அங்கே வளர்த்தார் என்றும், அதற்குக் காபோக் என்று பெயர் வைத்தார் என்றும் உறவினர் எழுதியிருக்கிறார். காபோக் என்றால் இலவம்பஞ்சு. குண்டு மழைக்கு நடுவில் தலைச்சேரிக்காரிக்கு ஒரு துணை!

அந்த நிறுவனத்தின் தலைவர் சி.டி. டார்லிங்டன் அன்றைய உலகில் குரோமோசோம் ஆராய்ச்சியின் பெரிய தலை. அவரும் ஜானகியும் சேர்ந்து 1945-ல் பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் என்ற நூலை வெளியிட்டார்கள். நெல், கோதுமை, வாழை, ரோஜா என்று மனிதன் வளர்க்கும் ஆயிரக்கணக்கான செடிகளுக்கு எத்தனை குரோமோசோம் என்ற பட்டியல். பட்டியல்தானே என்று நினைக்கக் கூடாது. எந்தச் செடி எந்தச் செடியோடு சேரும், எது எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடுகிறவர்களுக்கு அது அகராதி மாதிரி. மனிதன் இடம்பெயர்ந்தபோது கூடவே செடியும் எப்படி இடம்பெயர்ந்தது என்ற கேள்வி அந்தப் பக்கங்களுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

போர் முடிந்ததும் விஸ்லியில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்தில் சைட்டாலஜிஸ்ட் பதவி, 1951 வரை. அங்கேதான் மக்னோலியா விளையாட்டு. கோல்ச்சிசின் என்று ஒரு மருந்து இருக்கிறது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துப் பிரிக்கும் நூல்களை அது உருவாக விடாது. ஆக, குரோமோசோம் இரட்டித்துவிடும், செல் மட்டும் பிரியாமல் நின்றுவிடும். இரட்டிப்புச் செடியில் இலை தடிக்கும், பூவிதழ் கனக்கும். மேல்நாட்டில் இதைக் கோல்ச்சிகம் செடியிலிருந்து எடுப்பார்கள். நம் ஊர்ச் செங்காந்தளிலும் இதே பொருள் இருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் கண்வலிக் கிழங்கு என்று பயிர் செய்து விதையை விற்கிறார்களே, அது இதற்காகத்தான். ஜானகி இந்த மருந்தை மக்னோலியா நாற்றுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவற்றில் சில விஸ்லியின் பாட்டில்ஸ்டன் குன்றில் நடப்பட்டன. மக்னோலியா கோபஸ் இனத்தில் வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு ரகத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு நேரு இவரைத் திரும்ப அழைத்தார். 1890-ல் தொடங்கிய இந்தியத் தாவரவியல் ஆய்வகம், அதாவது பொட்டானிக்கல் சர்வே, நொடித்துப்போய்க் கிடந்தது. அதைச் சீரமைக்கும் பொறுப்பு. 1952 அக்டோபரில் தனி அலுவலராகக் கல்கத்தாவில் வேலையை ஏற்றார். நல்ல உயரம், நிமிர்ந்த நடை, மஞ்சள் புடவை. ஆபீஸ் வாசல் தெரு குப்பையாகக் கிடந்தால் தானே துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிவிடுவாராம். அன்றைய கல்கத்தாவில் ஒரு பெரிய அதிகாரி தெருப் பெருக்குவதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

பொட்டானிக்கல் சர்வேயில் இவர் கண்ட குறை ஆழமானது. நூறு வருஷத்துக்கு மேலாக வெள்ளைக்காரத் தாவரவியலாளர்கள் இங்கே சேகரித்த செடிகளில் முக்கியமானவை கியூ தோட்டம் போன்ற வெளிநாட்டு உலர்தாவரக் கூடங்களில் இருந்தன. இந்தியச் செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள இந்தியன் லண்டனுக்குப் போக வேண்டும். இது மாற வேண்டும் என்றார். செடியைப் பறித்துக் காயவைத்துப் பெயர் எழுதி ஒட்டினால் போதாது, அதன் குரோமோசோமையும் பார்க்க வேண்டும், அது வளரும் இடத்தில் உள்ள மக்கள் அதை என்ன செய்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும் என்பது இவர் கட்சி. ஆனால் 1954-ல் தலைமைத் தாவரவியலாளர் பதவி ஹெர்மனகில்டு சந்தாபாவுக்குப் போயிற்று. ஸ்பெயினில் பிறந்த ஏசுசபைப் பாதிரியார் அவர். கியூவில் வேலை பழகியவர். ஜானகிக்கு இது பெரிய அடி. வெளிநாட்டு நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் அந்த வருத்தம் தெரிகிறது என்கிறார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். சந்தாபா சாதாரண ஆள் அல்ல. மேற்கு இந்தியச் செடிகளைப் பற்றி அவர் எழுதியது இன்றைக்கும் பயன்படுகிறது, பின்னாளில் இந்தியக் குடியுரிமையும் பெற்றார். ஆகவே இதை நல்லவர் கெட்டவர் கதையாக ஆக்க வேண்டாம். எது தாவரவியல் என்ற கேள்வியில் இரண்டு வழிகள் மோதின. ஒரு வழி ஜெயித்தது. ஜானகி சொன்ன வழிக்குப் பின்னால் நாடு வந்து சேர முப்பது வருஷம் ஆயிற்று. சீரமைப்பின் பலனாக 1955-ல் கோவையில் தென் மண்டல அலுவலகம் தொடங்கியது. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் லாலி ரோட்டில் இருக்கும் அந்த மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கு நம்மில் பலர் டூர் போய், காய்ந்த செடித் தாள்களைப் புரட்டிவிட்டு, வெளியே வந்து டீ குடித்தது ஞாபகம் இருக்கும்.

1955 ஜூனில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஒரு கருத்தரங்கம். பூமியின் முகத்தை மனிதன் எப்படி மாற்றிவிட்டான் என்பது பொருள். இன்று சுற்றுச்சூழல் என்று நாம் சொல்லும் எல்லாவற்றுக்கும் முன்னோடியான கூட்டம் அது. உலகத்தின் பல பக்கங்களிலிருந்தும் அறிஞர்கள் வந்திருந்தார்கள். அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி. இந்தியாவின் பிழைப்புப் பொருளாதாரம் பற்றி அவர் கட்டுரை. உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கம் என்ற பெயரில் நாற்பதுகளில் காடுகள் எப்படி அழிந்தன என்றும், மலைவாழ் மக்களிடமும் பெண்களிடமும் விதையைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் எவ்வளவு அறிவு சேர்ந்திருக்கிறது என்றும் பேசினார். தாய்வழிச் சமூகத்தில் பிறந்தவர் அல்லவா, பயிர்த்தொழிலில் பெண்களின் கை எங்கே இருக்கிறது என்று அவருக்குப் பார்க்கத் தெரிந்தது. அதே கருத்தரங்கில் வெப்ப நாடுகளில் காட்டுத்தீ, மலைச் சாகுபடி பற்றிக் கட்டுரை கொடுத்திருந்த இன்னொருவர் பார்ட்லெட். முப்பது வருஷத்துக்கு முந்தைய பேராசிரியரும் மாணவியும் ஒரே புத்தகத்தில் ஆளுக்கொரு கட்டுரை! நம் மாதிரி ஆட்களுக்கு இதைவிடப் பெரிய ரீயூனியன் உண்டா? மறு வருஷம், 1956-ல், மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் பழைய மாணவிக்குக் கௌரவ எல்.எல்.டி. பட்டம் கொடுத்தது.

இந்தக் காலகட்டத்தில் அவர் மனசை உலுக்கிய விஷயம் ஒன்று. ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தள்ளி மக்னோலியா கிரிஃபித்தி என்ற மரம் ஒன்றே ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டுத் தேடிக்கொண்டு போனார். மரம் இல்லை. எரித்துவிட்டிருந்தார்கள். விஸ்லியில் மக்னோலியாவைக் குழந்தை மாதிரி வளர்த்தவருக்கு அந்தக் கரிக்கட்டை எப்படி இருந்திருக்கும்! அதுவரை இவர் வேலை பெரும்பாலும் பயிர், விளைச்சல், கலப்பு. இதற்குப் பின் காடு முன்னுக்கு வருகிறது.

அலகாபாத் மத்தியத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் தலைமை, ஜம்மு வட்டார ஆராய்ச்சிக் கூடத்தில் மருந்துச் செடிகள், கொஞ்ச நாள் டிராம்பே அணு ஆராய்ச்சி மையம் என்று அடுத்த பதினைந்து வருஷம் ஓடியது. 1970-ல் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயர் ஆய்வு மையத்தில் கௌரவ விஞ்ஞானி. மதுரவாயலில் அந்த மையத்துக்கு ஒரு கள ஆய்வகம் இருந்தது. அங்கேயே தங்கினார், அங்கேயே மூலிகைத் தோட்டம் போட்டார், அங்கேயே ஆராய்ச்சி. அன்றைய மதுரவாயல் வேறு. இன்று பைபாஸும் மேம்பாலமுமாக இருக்கும் இடத்தில் அன்று வயலும் ஏரியும். காந்தி வழியில் எளிமையான வாழ்க்கை. 1977-ல் பத்மஸ்ரீ வந்தது. வயது எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. நம்மில் பலர் அந்த வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த வயதில்தான் அம்மையார் ஒரு சண்டையில் இறங்கினார்.

பாலக்காடு மாவட்டத்தில், நம் நீலகிரிக்கு மேற்குச் சரிவில், அமைதிப் பள்ளத்தாக்கு. சைலன்ட் வேலி. குந்திப்புழை ஆறு ஓடும் மழைக்காடு. சிங்கவால் குரங்கின் முக்கியமான இருப்பிடம். அங்கே அணை கட்டி முதலில் 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கக் கேரள மின்வாரியம் திட்டம் போட்டது. 1973-ல் மத்தியத் திட்டக் குழு ஒப்புதல் தந்தது. நீரில் மூழ்கப்போவது சுமார் எட்டு சதுர கிலோமீட்டர். எட்டுதானே என்று அன்று கேட்டவர்கள் உண்டு. மலபாருக்கு மின்சாரம் தேவை, வேலை தேவை என்றார்கள். அந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. விளக்கு இல்லாத வீட்டுக்காரனுக்குக் குரங்கைக் காட்டி என்ன பயன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராகப் போய்ப் பேசியது, கணக்கும் காட்டியது. கவிஞர் சுகதகுமாரி எழுதினார். சாலிம் அலி குரல் கொடுத்தார். எம்.எஸ். சுவாமிநாதன் அறிக்கை கொடுத்தார்.

ஜானகி செய்தது அவருக்குத் தெரிந்த வேலை. அந்தப் பள்ளத்தாக்கின் செடிகளுக்குக் குரோமோசோம் கணக்கெடுப்பு நடத்தத் தொடங்கினார். கரும்பில் கற்றுக்கொண்ட பாடம்தான். ஆற்றங்கரையில் யாரும் மதிக்காத நாணல் இல்லாவிட்டால் கோவைக் கரும்பு இல்லை. அதேபோல் அந்த எட்டு சதுர கிலோமீட்டரில் நாளைக்கு எந்தப் பயிருக்கு எந்தக் காட்டு உறவு ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? போன பிறகு எண்ண முடியாது. இருக்கும்போதே எண்ணி வைக்க வேண்டும். சர்க்கரை உற்பத்திக்கு உழைத்தவர் எப்படி அணைக்கு எதிராக நின்றார் என்று முரண்பாடு காண்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. 1934-ல் நாணலை எண்ணிய அதே கைதான்.

1983 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. அதைக் கேள்விப்பட அவர் இருந்தார். 1984 பிப்ரவரி 7-ஆம் தேதி மதுரவாயலில் காலமானார். வயது 86. அதே ஆண்டு நவம்பர் 15-ல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க இல்லை.

அதன் பிறகு கொஞ்ச காலம் அம்மையாரை எல்லோரும் மறந்துதான் போனார்கள். 1999-ல் மத்தியச் சுற்றுச்சூழல், வனத் துறை வகைப்பாட்டியல் ஆராய்ச்சிக்கு இவர் பெயரில் தேசிய விருது ஏற்படுத்தியது. ஜம்மு ஆராய்ச்சிக் கூடத்தின் உலர்தாவரக் கூடத்துக்கு இவர் பெயர். குண்டு மழையில் இவர் கண்ணாடித் துண்டு பெருக்கிய ஜான் இன்னஸ் நிறுவனம் (இப்போது நாரிச் நகரில் இருக்கிறது) வளரும் நாடுகளிலிருந்து முதுகலை படிக்க வரும் மாணவர்களுக்கு இவர் பெயரில் உதவித்தொகை வைத்தது. இறுதியாண்டுத் தம்பி தங்கைகள் விசாரித்துப் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் 2019-ல் விவரிக்கப்பட்ட ஒரு பல்லி இனத்துக்குக்கூட ஜானகி பெயர் கிடைத்திருக்கிறது. கத்தரியில் ஜானகி என்று ஒரு ரகம் அவரே உண்டாக்கியது. கொடைக்கானலில் ரோஜா வளர்ப்பதில் பெயர் பெற்ற வீரராகவன், கிரிஜா தம்பதியர் தாங்கள் உருவாக்கிய ஒரு ரோஜாவுக்கு 2018-ல் இ.கே. ஜானகி அம்மாள் என்று பெயர் சூட்டினார்கள். அவர் புடவையைப் போலவே அதுவும் மஞ்சள்.